முன்னால் இழுக்கும் காரைப் பின்னாலிருந்து தள்ள வைப்பது எப்படி?

இந்த வேலையைத் தொடங்க உகந்த காலம், தறி நிற்கும் காலம். கூலி உயர்வு கேட்டு 2022-லும் 2025-லும் கோவை மாவட்டம் சோமனூர் வட்டாரத்தில் விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றன. பாவு வராது, காடா துணி போகாது, குடோனில் சத்தம் இருக்காது. தறி இரைச்சலுக்குப் பழகிய காதுக்கு அந்த அமைதி ஒத்துவராது. மனிதன் எதையாவது கழற்றத்தான் பார்ப்பான். அந்த நேரத்தில் வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிய மாருதி 800 ஒன்று நின்றால், அதன் ஜாதகம் சரியில்லை.

எதற்காகச் செய்கிறோம் என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் கேட்பார்கள்.

"வண்டி நல்லாத்தானுங்க ஓடிட்டிருக்குது?"

ஓடுகிறதுதான். முன்சக்கரத்தால் ஓடுகிறது, அதுதான் குறை. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் 2.1 கி.மீ. பந்தயத் தடம் இருக்கிறது. அதில் முன்சக்கர வண்டியை வளைவில் விரட்டினால், ஸ்டீயரிங்கை ஒடித்த பிறகும் மூக்கு நேராகவே போகப் பார்க்கும். திருப்புவதும் இழுப்பதும் அதே இரண்டு டயர்கள். டயருக்கு உள்ள பிடிமானம் ஒரு கணக்குதான். இழுப்புக்குச் செலவானது போக மிச்சம்தான் திருப்பத்துக்கு. போதாக்குறைக்கு, ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டியின் பாரம் பின்பக்கம் சாயும், இழுக்க வேண்டிய சக்கரம் லேசாகிவிடும். இழுக்கும் வேலையைப் பின்சக்கரத்திடம் கொடுத்துவிட்டால், முன்சக்கரம் திருப்பும் வேலையை மட்டும் பார்க்கும். சாய்கிற பாரமும் வேலை செய்கிற சக்கரத்தின் மேலேயே வந்து உட்காரும்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு வீட்டில், "அதுக்கு எதுக்குங்க பின்சீட்ட அறுக்கறீங்க?" என்பார்கள். இதற்கு இன்றுவரை யாரிடமும் நல்ல பதில் இல்லை. டீ கேட்டுப் பேச்சை மாற்றுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். மேலே சொன்ன பாடமெல்லாம் டயரைத் திணறடிக்கும் அளவுக்குச் சக்தி உள்ள இன்ஜினுக்குத்தான். மாருதி 800-இல் இருப்பது மூன்று சிலிண்டர், 796 சிசி, 37 குதிரைச் சக்தி. அதை முன்னால் கட்டினாலும் பின்னால் கட்டினாலும் 37-தான். காய்ந்த தார்ச்சாலையில் எந்த டயரும் அதற்கு அலட்டிக்கொள்ளாது.

பெரியவர்கள் யாராவது தடுத்தால் ஜி.டி. நாயுடு பெயரைச் சொல்லுங்கள். சூலூர் பக்கம் கலங்கலில் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பார்த்தவர். கோவை மாவட்டத்தில் எதைக் கழற்றுகிறவரும் அவர் பெயரைத்தான் முன்னால் நிறுத்துவார். அவர் அதைத் திரும்பவும் மாட்டினார் என்ற பிற்பகுதியை நீங்களாக எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

இன்னும் வலுவான சாட்சி வேண்டுமென்றால் சுசூகி இருக்கிறது. அந்தக் கம்பெனி கார் செய்வதற்காகப் பிறந்ததல்ல. 1909-இல் ஜப்பானின் ஹமமட்சு ஊரில் மிச்சியோ சுசூகி தொடங்கியது தறி செய்யும் பட்டறை. பல பத்தாண்டுகள் தறி செய்த பிறகுதான் 1955-இல் சுசூலைட் என்ற சின்னக் கார் வந்தது. அதுவும் முன்சக்கரத்தால் ஓடியது. ஆக, தறிக்காரர் மாட்டியதைத் தறிக்காரர் கழற்றுகிறீர்கள். பங்காளிச் சண்டையில் வெளியாள் தலையிடக் கூடாது.

தறி பிட்டரைத் துணைக்கு வைத்துக்கொள்வதில் உண்மையிலேயே லாபம் உண்டு. சாதா நெசவுத் தறியில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கீழ் ஷாஃப்ட் ஒரு சுற்று. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்குக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கும் அதே கணக்கு. டைமிங் பெல்ட் மாட்டும்போது மெக்கானிக்கை விட உங்கள் பிட்டர் சீக்கிரம் புரிந்துகொள்வார். ஆனால் ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்கிறோம் என்பது அவருக்கும் புரியாது. கூலி கேட்பார், கொடுத்துவிடுங்கள்.

இடம். தறிக் குடோனுக்குள் இந்த வேலையைச் செய்யாதீர்கள். இதை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். உத்திரம், சுவர், ஒயர் என்று எல்லாவற்றிலும் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். கட்டிங் வீலின் ஒரு பொறி போதும். வெல்டிங் மெஷினைத் தறி சர்வீஸில் மாட்டும் யோசனையும் வேண்டாம். இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் விசைத்தறிக்குக் கொடுத்தது. மின்வாரிய ஆள் வந்து நிற்கும்போது, நடு முற்றத்தில் கிடக்கும் காரைக் காட்டி இதுவும் ஒரு வகைத் தறிதான் என்று சாதிக்க முடியாது.

இனி எந்த வழி என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டு இருக்கின்றன, இரண்டும் சரியில்லை.

முதல் வழிக்கு ஒரு மாருதி ஓம்னி வேண்டும். 2019-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் உக்கடம் பழைய சாமான் கடைகளில் கேட்டால் உருப்படிகள் வெளியே வரும். 800-இல் இருக்கும் அதே எஃப்8பி இன்ஜின்தான் ஓம்னியிலும். 800-இல் குறுக்குவாட்டில் கிடக்கிறது, ஓம்னியில் நீளவாட்டில். அதன் வாலில் கியர்பாக்ஸ், அதிலிருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட், கடைசியில் கிரௌன் பினியன் வைத்த ஹவுசிங், இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங். மொத்தத்தையும் கழற்றி 800-க்குள் வைத்தால் வேலை முடிந்தது என்று கேட்டவுடன் தோன்றும்.

வைத்துப் பாருங்கள். நீளவாட்டில் இன்ஜினை இறக்கினால் கியர்பாக்ஸ் ஃபயர்வாலைக் குடைந்துகொண்டு வந்து உங்கள் இடது கால் இருக்கும் இடத்தில் நிற்கும். ஃபயர்வாலை வெட்டுவீர்கள். ஸ்டீயரிங் ரேக் இடிக்கும், அதை நகர்த்துவீர்கள். 800-இன் தரையில் புரொப்பல்லர் ஷாஃப்ட் போக வழி இல்லை. நடுத்தரையை அறுத்து டன்னல் கட்டுவீர்கள். ஓம்னியின் சக்கர இடைவெளி 1,840 மி.மீ., 800-க்கு 2,175 மி.மீ. ஓம்னியின் ஷாஃப்ட் எட்டாது, லேத்தில் கொடுத்து நீட்ட வேண்டும். நீட்டினால் பேலன்ஸ் பார்க்க வேண்டும். "பேலன்ஸ் எல்லாம் வேண்டாங்ணா, நேராத்தான் இருக்குது" என்று லேத்துக்காரத் தம்பி சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஷாஃப்ட் வேகம் எடுத்ததும் உங்கள் முதுகெலும்பு அவருக்குப் பதில் சொல்லும்.

இன்ஜின் முன்னால் கொள்ளவில்லை, கொஞ்சம் பின்னால் தள்ளுவோம் என்று தோன்றும். தள்ளுவீர்கள். இன்னும் கொஞ்சம் தள்ளுவீர்கள். கடைசியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் வந்து நிற்கும். ஓம்னியில் முதலிலேயே அது அங்கேதான் இருந்தது. அந்த நிலையில் நீங்கள் செய்து முடித்திருப்பது, கூரை தாழ்ந்த, கதவு சரியாக மூடாத ஒரு ஓம்னி. நல்ல ஓம்னியைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டுச் செய்தது. இத்தனைக்கும் ஓம்னி பின்சக்கரத்தால் ஓடும் வண்டி என்பதை யாரும் கவனித்ததில்லை. தமிழ் சினிமாவில் ஆள் கடத்துகிறவர்கள் அத்தனை பேரும் பின்சக்கர வண்டியில்தான் தப்பித்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றிப் பீற்றிக்கொள்ளவில்லை.

இரண்டாவது வழிதான் ரசிகர்களின் வழி. 800-இன் முன்பக்கத்தை இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், சஸ்பென்ஷன், நக்கிள், ஹப் என்று அப்படியே பெயர்த்து, பின்சீட்டு இருக்கும் இடத்தில் வைப்பது. பிரான்சில் ரெனோ கம்பெனி இதை ஃபேக்டரியிலேயே செய்தது. முன்சக்கரத்தால் ஓடிய ரெனோ 5 என்ற சின்னக் காரின் பின்சீட்டைத் தூக்கி எறிந்து, அந்த இடத்தில் 1.4 லிட்டர் டர்போ இன்ஜினை வைத்து, 1980-இல் ரெனோ 5 டர்போ என்று விற்றார்கள். அடுத்த வருடமே ழான் ரான்யோட்டி அதை ஓட்டி மான்டே கார்லோ ராலியை வென்றார். அந்தக் கதையைச் சொல்லி உற்சாகப்படுத்திக்கொள்ளுங்கள். அவர்களிடம் ஒரு கம்பெனி இருந்தது, உங்களிடம் ஒரு பிட்டர் இருக்கிறார் என்பதை ராத்திரியில் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த வழிக்கு 800 இரண்டு வேண்டும். ஏன் என்றால், பின்சக்கர ஹப்பில் ஆக்ஸில் நுழையத் துளை இல்லை. அது சும்மா சுற்றுவதற்காகச் செய்தது. ஆகவே பின்னால் முன்பக்க ஹப் வேண்டும். முன்னால் திருப்புவதற்கும் முன்பக்க ஹப்தான் வேண்டும். இரண்டு காரின் இரண்டு முன்பக்கங்களும் செலவாகிவிடும், இரண்டு பின்பக்கங்கள் மிஞ்சும். அவற்றை என்ன செய்வது என்று இந்தக் கலையில் தேர்ந்தவர்கள்கூடச் சொல்லிவைக்கவில்லை.

அறுப்பதற்கு முன் பெட்ரோல் டேங்க். பின்சீட்டுக்கு அடியில் இருப்பது அதுதான். காலி டேங்க் என்று தைரியம் கொள்ளாதீர்கள். பெட்ரோல் நிறைந்த டேங்கை விட ஆவி நிறைந்த காலி டேங்க் ஆபத்தானது. கழற்றி தூரத்தில் வையுங்கள். பிறகு கட்டிங் வீலை எடுங்கள்.

யூனிட்டைத் திருப்பாமல், முன்னால் எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் பின்னால் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் இன்ஜின் உங்கள் முதுகுக்குப் பின்னால், பின்சீட்டின் மேல் உட்காரும். இங்கேதான் நம்மூர்ச் சிக்கனம் எட்டிப் பார்க்கும். அரைவட்டம் திருப்பி இன்ஜினை டிக்கியில் வைத்துவிட்டால் பின்சீட்டு மிச்சம். பொங்கலுக்கு மாமனார் ஊருக்குப் போகலாமே என்று மச்சான் யோசனை சொல்வார். திருப்பி வைத்தால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். ரிவர்ஸில் நான்கு கியர், முன்னால் போக ஒரு கியர். மாமனார் ஊருக்குப் பின்னோக்கி நல்ல வேகத்தில் போய்ச் சேரலாம்.

பின்னால் போன நக்கிளுக்கு டை ராடு என்று ஒன்று உண்டு. முன்னால் இருந்தபோது அது ஸ்டீயரிங்கோடு இணைந்து சக்கரத்தைத் திருப்பியது. இப்போது திரும்பக் கூடாது. அதன் நுனியைச் சட்டத்தில் அசையாமல் கட்ட வேண்டும். சும்மா கட்டினால் போதாது. அது விட்டுவிட்டால் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஸ்டீயரிங் பிடிக்கும். முன்பக்க ஹப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இங்கே ஆக்ஸிலுக்கு வேலை இல்லை என்று முழுவதையும் உருவிவிடாதீர்கள். பேரிங்கை இறுக்கிப் பிடிப்பதே அந்த ஆக்ஸிலின் நுனியும் அதன் நட்டும்தான். ஜாயின்ட்டோடு நறுக்கி, நுனியை மட்டும் ஹப்பிலேயே விட்டுவிடுங்கள். இது தெரியாமல் உருவியவரின் முன்சக்கரம் தடத்தில் அவருக்கு முன்னாலேயே போய்விடும். அவருக்கு முதலிடம், சக்கரத்துக்கு அதற்கும் முதலிடம்.

ரேடியேட்டர் முன்னாலேயே இருக்கலாம், காற்று அங்கேதான். ஆனால் வெந்நீர் பின்னாலிருந்து முன்னால் வந்து திரும்பிப் போக, கார் நீளத்துக்கு இரண்டு பைப். நடுவில் எங்காவது காற்று அடைத்தால் இன்ஜின் காய்ச்சல் கண்டுவிடும். கிளட்ச் கேபிள் நீளம், ஆக்சிலரேட்டர் கேபிள் நீளம், கியர் ராடு எல்லாவற்றையும் விட நீளம். மூன்றாவது கியர் என்று நினைத்துப் போட்டது முதல் கியராக இருக்க வாய்ப்புண்டு. பிரேக்கில் முன்பின் அழுத்தக் கணக்கும் மாறிவிட்டது, பாரம் இப்போது பின்னால். இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு வாரம்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் செய்ய நினைப்பதைக் கோவையில் ஒருவர் ஏற்கெனவே செய்துவிட்டார், ஒழுங்காகவும் செய்தார். சுந்தரம் கரிவர்தன், பஞ்சாலைக் குடும்பத்துக்காரர். 1980களின் இறுதியில் மாருதி 800-இன் இன்ஜினை எடுத்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, பின்சக்கரத்தால் ஓடும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றைச் செய்தார். பார்முலா மாருதி என்று பெயர். கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் அதில் பந்தயம் ஓட்டத் தொடங்கியவர். 2005-இல் ஜோர்டன் அணியில் பார்முலா ஒன்னுக்கே போய்ச் சேர்ந்தார். கரிவர்தன் 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையம் தடத்துக்கு வைத்திருப்பது அவர் பெயர்தான்.

அவருக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் பணத்தில் இல்லை. பாதி வித்தியாசம்தான் பணத்தில். அவர் இன்ஜினை வைத்துக்கொண்டு காரைத் தூக்கிப் போட்டார். நாலு கதவு, தகரக் கூரை, டேஷ்போர்டு, சீட்டு, கண்ணாடி எல்லாம் வீட்டு உபயோகத்துக்குச் செய்தவை. அவை போன பிறகு அந்த 37 குதிரைக்கே ஒரு மரியாதை வந்தது. பின்னாளில் எல்ஜிபி பார்முலா கார்களிலும் அதே வழிதான்: ஸ்விஃப்ட் இன்ஜின், ஓட்டுநருக்குப் பின்னால். முன்சக்கர இன்ஜினைப் பின்சக்கரத்துக்கு மாற்றுவது கோவைக்குப் பழகிய வேலை. முன்சக்கரக் காரை மாற்றுவதுதான் வீண் வேலை. நீங்கள் வைத்துக்கொள்ள நினைப்பது காரை, ஏனென்றால் அது உங்கள் அய்யன் வாங்கியது.

காரைத் தூக்கிப் போட ஒப்பாதவர் ஒரு பழைய டாடா நானோவை வாங்கிக்கொள்ளலாம். இன்ஜின் பின்னால், இழுப்பும் பின்னால், அறுக்க வேண்டியது ஒன்றுமில்லை. கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் சூப்பர் நானோ என்று ஒரு பந்தய வண்டியே செய்து காட்டியது. ஆனால் நானோவோடு தடத்துக்கு வந்தவர் என்று ஊர் சொல்லும். அது வேண்டாம் என்பதற்காகத்தானே இரண்டு காரை அறுத்தீர்கள்.

சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஃபேக்டரி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைத் திரும்பப் படியுங்கள். இன்ஜின் ஒன்று, டேங்க் ஒன்று, தரை ஒன்று, பிரேக் ஒன்று. ஆர்டிஓ அலுவலகத்தில் யாராவது பொறுமையாக எண்ண உட்கார்ந்தால், உங்கள் தறிகளை எடைக்குப் போட்டாலும் கட்டாது. ஆகவே வண்டி ரோட்டில் இறங்கவே கூடாது. காடா பேல் ஏற்றும் டாடா 407 லாரியில் பின்கதவைத் திறந்துவிட்டு ஏற்றிக் கட்டி, செட்டிபாளையம் கொண்டுபோங்கள். அந்த 407-உம் பின்சக்கரத்தால்தான் ஓடுகிறது. அதன் டிரைவர் அண்ணனுக்கு அதில் எந்தப் பெருமையும் இல்லை.

தடத்தில் வண்டியைப் பரிசோதிப்பவர் குனிந்து பார்ப்பார், நிமிர்ந்து உங்களைப் பார்ப்பார். "எந்த கிளாஸ்ங்க இது?" பந்தயங்களில் ஓடும் உள்ளூர்க் கார்கள் பெரும்பாலும் முன்சக்கர வண்டிகள், ஃபேக்டரி அமைப்பில் எவ்வளவு தூரம் கைவைக்கலாம் என்று வகுப்புக்கு வகுப்பு விதி உண்டு. உங்களுடையது எந்த வகுப்பிலும் உட்காராது. போட்டி இல்லாத நாளில், தடத்தைப் பணம் கட்டி எடுத்துத் தனியாக ஓட்டிக்கொள்ளலாம். அதில் ஒரு வசதி, தோற்க முடியாது.

ஓட்டும்போது ஒரே ஒரு பழக்கத்தை மறக்க வேண்டும். பழைய 800-இல் வளைவில் வேகம் கூடிவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பீர்கள். மூக்கு உள்ளே திரும்பி, வண்டி சொன்னபடி கேட்கும். இப்போது பாரம் பின்னால் இருக்கிறது. காலைச் சட்டென்று எடுத்தால் பின்பக்கம் இலகுவாகிச் சுழன்று முன்னால் வந்துவிடும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, வளைவுக்குள் காலை மெல்ல வைத்தபடியே இருக்க வேண்டும். வருஷக்கணக்கில் பழகிய வலது கால் இதைக் கேட்காது. முதல் சுற்றிலேயே வண்டி வந்த வழியைப் பார்த்தபடி நிற்கும். அதே நேரத்தில் கல்லூரிப் பையன் ஒருவன் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஸ்விஃப்டில், முன்சக்கரத்தாலேயே, ஏசியைக்கூட நிறுத்தாமல் உங்களைக் கடந்து போவான்.

ஊருக்குத் திரும்பியதும் செய்தி பரவும். எப்படி ஓடியது என்று யாரும் கேட்க மாட்டார்கள்; செய்தார் என்பதே போதும். ஒரு வாரத்துக்குள் கருமத்தம்பட்டியிலிருந்து ஒருவர் ஆல்டோவோடு வந்து நிற்பார். "அண்ணா, இதையும் அந்த மாதிரி பண்ணித் தர முடியுங்களா?" முடியும் என்று சொல்லுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இரண்டு பின்பக்கங்கள் இருக்கின்றன, அவருடையதையும் சேர்த்தால் மூன்று. ஆனால் கூலியை முதலில் பேசுங்கள். பேசியதைத் தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்குங்கள். பேச்சுவார்த்தையில் ஒத்துக்கொண்ட கூலி கைக்கு வராமல் போன கதையைச் சோமனூர்த் தறிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.